முதுகில் எழுதியவர்கள்

மத்தியப் பிரதேசத்தின் மண்டலா, திண்டோரி, பாலாகாட் மாவட்டங்களில், மைகல் மலைகளை ஒட்டிய காடுகளில் வாழும் பைகா பழங்குடிப் பெண்கள் உடலின் பெரும்பகுதியில் பச்சை குத்திக்கொள்ளும் வழக்கம் உடையவர்கள். நெற்றி, கை, கால், தொடை, மார்பு என்று அது பரவினாலும், அகன்ற ஒரே பரப்பாக அமைந்து பார்ப்பவர் கண்ணை முதலில் இழுப்பது முதுகுதான். அடுக்கடுக்கான இணைகோடுகள், முக்கோணங்கள், புள்ளி வரிசைகள் என்று தோளிலிருந்து கீழ்நோக்கி இறங்கும் அந்த வேலையை ஊரார் எல்லோரும் பார்ப்பார்கள். வயலில் குனிந்து வேலை செய்யும்போது பின்னால் நிற்பவள் பார்ப்பாள். நீர் எடுத்துத் திரும்பும்போது வரிசையில் அடுத்து வருபவள் பார்ப்பாள். கண்ணாடி அரிதாயிருந்த தலைமுறைகளில், அதைச் சுமந்தவள் மட்டும் தன் முதுகை முழுமையாகக் கண்டிருக்க வழியில்லை.

எழுதப்பட்டவர் படிக்க இயலாத எழுத்து என்று இதைச் சொல்லலாம். இந்தியாவின் நடுப்பகுதியில் தோலில் எழுதும் பழக்கத்தின் கடந்த இருநூறு ஆண்டு வரலாற்றைப் பார்க்கும்போது, எழுதியவர் யார், படித்தவர் யார், குறிப்பெடுத்து வைத்தவர் யார் என்னும் மூன்று கேள்விகளும் திரும்பத் திரும்ப எழுகின்றன. மூன்றுக்கும் ஒரே ஆளை விடையாகச் சொல்ல முடிந்த இடங்கள் மிகச் சில.

முதலில் சொல்லைப் பார்ப்போம். இந்தியில் இதற்குப் பெயர் கோத்னா. குத்துதல், துளைத்தல் என்று பொருள்படும் வினையே பெயராகவும் நிற்கிறது. ஊசி செய்யும் வேலையை மட்டும் அந்தச் சொல் கூறுகிறது. தெலுங்கில் பச்சபொட்டு, அங்கே நிறமும் புள்ளியும் உண்டு, ஊசி இல்லை. தமிழின் 'பச்சை குத்துதல்' இரண்டையும் சேர்த்துக்கொள்கிறது. உள்ளே செலுத்தப்படுவது கரி. ஆறிய பின் தோலுக்கடியிலிருந்து தெரிவது பசுமையோடிய நீலம். ஆகவே தமிழ்ச்சொல்லின் முற்பாதி, ஆறிய பின் பார்ப்பவர் கண்ணில் பட்டதைச் சொல்கிறது. பிற்பாதி குத்தப்பட்டவர் உடலில் பட்டதைச் சொல்கிறது. இன்னொன்றும் கருதத் தக்கது. 'எழுதுதல்' என்ற சொல்லே பழந்தமிழில் வரைதலையும் தீட்டுதலையும் குறித்தது. மகளிரின் தோளிலும் மார்பிலும் சந்தனக் குழம்பு முதலியவற்றால் தீட்டப்பட்ட கோலத்தைத் தொய்யில் என்றும், தீட்டும் செயலைத் தொய்யில் எழுதுதல் என்றும் சங்க நூல்கள் குறிக்கின்றன. சமஸ்கிருதத்தில் எழுதுவதைக் குறிக்கும் 'லிக்' என்னும் வேர்ச்சொல்லின் பழைய பொருள் கீறுதல். எழுத்தையும் உடலையும் தனித்தனியே வைத்துப் பார்ப்பது நூலகங்களில் வளர்ந்த பழக்கம்.

பைகா பெண்களுக்குப் பச்சை குத்துபவர்கள் பைகாக்கள் அல்லர். பாதி என்னும் சமூகத்துப் பெண்கள், பத்னின் என்று அழைக்கப்படுபவர்கள், ஊர் ஊராகச் சென்று இதைச் செய்தார்கள். கோண்டு பெண்களுக்கு ஓஜா சமூகத்துப் பெண்கள் குத்தியதாக ரஸ்ஸலும் ஹீராலாலும் 1916இல் வெளியிட்ட மத்திய மாகாணங்களின் சாதிகள், பழங்குடிகள் பற்றிய நான்கு தொகுதி நூல் குறிப்பிடுகிறது. தமிழகத்தில் குறத்தியர் செய்த வேலைக்கு இது நெருக்கமானது. ஓரிடத்தில் தங்காதவள், பிற பெண்களின் உடலில் என்றும் அழியாத ஒன்றை வைத்துவிட்டு நகர்கிறாள்.

அறுவடை முடிந்த பின்வரும் குளிர்காலமே இதற்கு ஏற்ற பருவம். மழையில் புண் சீழ்கொள்ளும். கோடையில் எரிச்சல் தாளாது. ராம்தில் என்று அங்கு வழங்கும் வித்தின் எண்ணெயை எரித்துப் பிடித்த கரியை எண்ணெயோடு குழைத்து மை செய்கிறார்கள். மூங்கில் குச்சியால் கோடுகளைத் தோலில் வரைந்துகொண்டு, சேர்த்துக் கட்டிய ஊசிகளால் அதன்மேல் விரைவாகக் குத்திச் செல்வாள் பத்னின். குத்தி முடிந்த இடத்தைக் கழுவி மஞ்சளும் எண்ணெயும் தடவுவார்கள். முதுகு முழுவதும் என்றால் பல மணிநேர வேலை. குப்புறப் படுத்த பெண்ணின் கையையும் தலையையும் உறவுப் பெண்கள் பிடித்துக்கொள்வார்கள். ஆண்கள் அருகில் இருப்பதில்லை. பத்னின் பாடிக்கொண்டே குத்துவதும் உண்டு. பாட்டு வலியை மறக்கச் செய்கிறது என்பது வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம். கையின் வேகத்தை ஒரே சீராக வைத்துக்கொள்ளவும் அது உதவியிருக்க வேண்டும். நெசவிலும் நடவிலும் பாட்டுக்கு அந்த வேலையும் உண்டு.

எல்லாம் ஒரே காலத்தில் குத்தப்படுவதில்லை. சிறுமியாக இருக்கும்போது நெற்றி. அங்கே அடுப்பின் வடிவம் என்று சொல்லப்படும் கோடும் புள்ளிகளும் அமைகின்றன. வளர்ந்த பின், பெரும்பாலும் மணத்திற்கு முன், முதுகு. மார்பு முதலிய இடங்கள் அதற்கும் பின்னர். இடத்துக்கு இடம் முறை சற்று மாறினாலும், வயதுக்கு ஏற்ப உடலின் பகுதிகள் நிரம்பிக்கொண்டே வரும் ஒழுங்கு பொதுவானது. நாட்குறிப்பு எழுதுபவர் நாளுக்கொரு பக்கம் எழுதுகிறார். இங்கே ஒரு பக்கம் எழுதப்பட்ட பின் அடுத்ததற்குச் சில ஆண்டுகள் ஆகலாம். மஞ்சள் கிழங்கு, மீன் முள், மயில், ஈ, கூடை, மந்திரச் சங்கிலி என்று குறிகளுக்குப் பெயர்கள் உண்டு. கோடுகளைக் காட்டிப் பெயர் சொல்லாவிட்டால் அயலாருக்கு அவற்றில் மயிலும் தெரியாது, மஞ்சளும் தெரியாது. ஊருக்குள் படிக்கத் தெரிந்தவர்களுக்காக எழுதப்பட்டது அது. இறந்தபின் வெள்ளியும் மணியும் கழற்றப்பட்டுவிடும், கோத்னா மட்டுமே உடன் வரும் என்ற நம்பிக்கையும் இவர்களிடம் ஆழமாக உள்ளது. தாய் மகளுக்குத் தரும் நகைகளில் வட்டிக்காரனால் எடுத்துச் செல்ல முடியாத ஒரே நகை அதுதான்.

இவ்வளவையும் வியந்து எழுதிவிட்டு நகர்ந்துவிடுவது எளிது; இணையத்தில் வரும் புகைப்படக் கட்டுரைகள் பெரும்பாலும் அதையே செய்கின்றன. எட்டு வயதுக் குழந்தையின் நெற்றியில் ஊசி இறங்கும்போது அவளிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை. குத்திக்கொள்ளாத பெண் கேலிக்கும் பழிச்சொல்லுக்கும் ஆளாவாள் என்ற அச்சமும் அந்த அழகோடு சேர்ந்தே வருகிறது. பைகாக்களிடம் இதற்கு அருகில் வைத்துப் பார்க்க வேண்டிய வேறொரு வழக்கம் உண்டு. மரக்கிளைகளை வெட்டி எரித்து, அந்தச் சாம்பலில் விதை தூவும் பேவர் என்னும் காட்டு வேளாண்மையே அவர்கள் மரபு. ஏரால் உழுவது பூமித்தாயின் மார்பைக் கீறுவதாகும் என்று ஏர் பிடிக்க மறுத்தவர்கள் அவர்கள். காடுகளைக் கைப்பற்றிய ஆங்கில அரசு பேவரைத் தடுத்து, 1890இல் பைகா சக் என்ற குறுகிய நிலப்பரப்புக்குள் மட்டும் அதை அனுமதித்தது. மண்ணின் தோலைக் கீறத் தயங்கியவர்கள், மகளின் தோலைக் கீறத் தயங்கவில்லை. இதை முரண் என்று வெளியாள் சொல்லலாம். மண்ணில் போடும் கீறலுக்கு வரி கேட்டு ஒருவன் வருவான், தோலில் போடும் கீறலுக்கு யாரும் வரமாட்டான் என்ற அனுபவமும் அதற்குள் இருந்திருக்கக்கூடும்.

பைகாக்களைப் பற்றி நாட்குறிப்பு எழுதியவர் ஒருவர் இருந்தார். 1927இல் கிறித்தவத் துறவியாக இந்தியா வந்து, திருச்சபையின் கட்டுகளிலிருந்து விலகி, 1932இல் தன் நண்பர் ஷாம்ராவ் ஹிவாலேயுடன் அன்றைய மண்டலா மாவட்டத்துக் கரஞ்சியாவில் குடியேறிய வெரியர் எல்வின். அங்கே கோண்டு கிராமத்தில் கழித்த ஆண்டுகளைப் பற்றிய அவருடைய நாட்குறிப்பு 1936இல் நூலாக வந்தது. 1939இல் வெளிவந்த அவருடைய பைகா நூல் பருமனானது. பச்சைக் குறிகளின் பெயர்கள் இன்று பரவலாகத் தெரிந்திருப்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம். பேவர் உரிமைக்காக வாதாடிய நூலும் அதுவே. எல்வினைக் குறைத்துப் பேசுவது இன்று ஒரு நாகரிகமாகிவிட்டது. அவர் எழுதி வைத்திராவிட்டால் பேசுவதற்கே பல செய்திகள் எஞ்சியிரா. ஆயினும் அந்தக் காலத்து இனவரைவியல் முழுவதிலும் ஒரு சாயல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. குறிகள் வரையப்பட்டன, பெயர்கள் பட்டியலிடப்பட்டன, உடலின் எந்தப் பகுதியில் எது என்று வகைப்படுத்தப்பட்டது. முதுகு ஆறுவதற்கு எத்தனை நாள் ஆயிற்று, அந்த நாட்களில் அவள் எப்படிப் படுத்தாள், குழந்தையை எப்படித் தூக்கினாள் என்னும் குறிப்புகளைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். முதுகுக்கு உரியவள் எழுதிய நாட்குறிப்பு எதுவும் இல்லை. முதுகைப் பார்த்தவரின் நாட்குறிப்பே இருக்கிறது.

அதே நிலப்பரப்பில் நூறாண்டுகளுக்கு முன் கோத்னா என்ற சொல் இன்னொரு வகையில் அறியப்பட்டிருந்தது. அதை எழுதியது கிழக்கிந்தியக் கம்பெனி. வங்காள மாகாணத்தில் 1797இல் இயற்றப்பட்ட ஒழுங்குமுறை, ஆயுள் தண்டனை பெற்றவரின் நெற்றியில் அவர் பெயர், குற்றம், தண்டனை பெற்ற நாள், தண்டித்த நீதிமன்றம் ஆகியவற்றை வட்டார மொழியில் பச்சை குத்த வேண்டும் என்றது. சென்னை மாகாணத்திலும் 1802இல் இத்தண்டனை நுழைந்தது. பம்பாய் இதை ஏற்கவில்லை. இந்த வரலாற்றை ஆவணங்களிலிருந்து விரிவாகத் திரட்டியவர் கிளேர் ஆண்டர்சன். 2004இல் வந்த அவருடைய நூல், உடலை அரசு படிக்கத் தக்கதாக்கிய வரலாற்றைச் சொல்கிறது. 1830களில் ஸ்லீமன் ஜபல்பூரை மையமாகக் கொண்டு தக்கர்களை வேட்டையாடியபோது, பிடிபட்டவர்களுக்கும் தக்கர் என்று குத்தப்பட்டது. ஜபல்பூருக்கு அடுத்ததுதான் மண்டலா. ஒரே வட்டாரத்தில், ஒரே ஊசியும் கரியும், ஒரு வீட்டில் மகளுக்கு நகையாகவும் ஒரு சிறையில் மனிதனுக்குத் தீர்ப்பாகவும் இறங்கிக்கொண்டிருந்தன.

ஆங்கில அதிகாரிகள் இந்தத் தண்டனையைத் தேர்ந்தெடுத்ததன் பின்னால் வழக்கமான குழப்பம் ஒன்றும் இருக்கிறது. இந்நாட்டு மக்கள் ஏற்கெனவே பச்சை குத்திக்கொள்பவர்கள். அதே பழக்கத்தை இகழ்ச்சிக் குறியாக மாற்றிவிடலாம் என்று கருதினார்கள். எழுத்து இருந்தால் படிப்பார்கள் என்றும் கருதினார்கள். நெற்றியில் இருப்பதைப் படிக்கத் தெரிந்தவர் ஊரில் எத்தனை பேர் என்று யாரும் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. ஆனால் ஆண்களின் நெற்றியில் வரிவரியாய் எழுத்து இருப்பதே போதிய செய்தியாகிவிட்டது. கைதிகள் தலைப்பாகையை இறக்கிக் கட்டினார்கள், முடியை நெற்றியில் வளரவிட்டார்கள், குறியை அழிக்க முயன்றார்கள். 1815 முதல் மொரீசியசுக்கு நாடுகடத்தப்பட்டவர்களோடு இந்த நெற்றிகளும் கடல் கடந்தன. குற்றமற்றவர் என்று பின்னர் தெரியவந்தாலும், மன்னிப்புப் பெற்றாலும், அழித்து எழுத முடியாத தீர்ப்பு அது. 1849இல் அத்தண்டனை சட்டப்படி நீக்கப்பட்டது.

நீக்கிய பிறகும் அரசு தோலைப் படிப்பதை நிறுத்தவில்லை; தான் எழுதுவதை மட்டும் நிறுத்திக்கொண்டது. ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்களின் அனுமதிச் சீட்டுகளில் உயரத்தை அடுத்து உடல் அடையாளம் என்று ஒரு கட்டம் இருந்தது. 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்து பிஜிக்குச் சென்ற தமிழரும் தெலுங்கரும் அந்தக் கட்டத்தைக் கடந்தே சென்றார்கள். தழும்பு, மச்சம், பச்சை எல்லாம் அங்கே ஒரே இனம். ஒரு தாய் பார்த்துப் பார்த்துக் குத்துவித்த குறி, தப்பி ஓடினால் பிடிப்பதற்கான குறிப்பாகப் பதிவேட்டில் உட்கார்ந்தது. இதற்கிடையே 1858இல் வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷெல் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துக்குத் துணையாக உள்ளங்கைப் பதிவை வாங்கியதிலிருந்து தொடங்கிய வழி, 1897இல் கல்கத்தாவில் அமைந்த கைரேகைப் பதிவகத்தில் போய் நின்றது. தோலில் தானாகவே கோடுகள் இருக்கும்போது புதிதாக எழுத வேண்டிய தேவை அரசுக்கு இல்லாமல் போயிற்று.

ஏறத்தாழ அதே 1890களில், மண்டலாவுக்குக் கிழக்கே, இன்றைய சத்தீஸ்கரின் மகாநதிக் கரையில், தீண்டத்தகாதோர் என்று ஒதுக்கப்பட்ட மக்கள் தங்கள் நெற்றியிலும் மார்பிலும் முதுகிலும் தாங்களே எழுதிக்கொள்ளத் தொடங்கினார்கள். அவர்கள் எழுதியது ஒரே சொல், தேவநாகரியில்: ராம். அதை இரண்டிரண்டாக, வரிவரியாக.

குரு காசிதாஸ் 19ஆம் நூற்றாண்டில் தொடங்கிய சத்நாமி இயக்கம் பரவிய மண் அது. அங்கு சார்பாரா என்னும் ஊரைச் சேர்ந்த பரசுராமுக்குத் தோல்நோய் கண்டது என்றும், ஒரு சாது அவருக்கு ராமநாமத்தை உரைத்தபின் நோய் நீங்கி மார்பில் அந்தப் பெயர் தானே தோன்றியிருந்தது என்றும் ராம்நாமி சமாஜத்தார் தம் தோற்றத்தைச் சொல்கிறார்கள். தொன்மக்கதையின் தேர்வு கவனிக்கத்தக்கது. தோலை வைத்து விலக்கப்பட்டவனுக்கு, அதிலும் தோல்நோய் கண்டவனுக்கு, தெய்வம் தோலிலேயே விடை எழுதுகிறது. கோயிலுக்குள் நுழைய உரிமையற்றவர்கள், கோயிலில் இருப்பதாகச் சொல்லப்பட்ட பெயரை உடல் முழுவதும் ஏற்றிக்கொண்டார்கள். அந்தப் பெயரை இவர்கள் பயன்படுத்தலாமா என்று மேல்சாதியினர் 1910களின் தொடக்கத்தில் நீதிமன்றம் சென்றதும், பெயர் எவருக்கும் தனிச்சொத்தன்று என்று தீர்ப்பு வந்ததும் சமாஜத்தின் நினைவில் பெரிய இடம் பெற்றவை.

விளக்குக் கரியே இங்கும் மை. எவ்வளவு குத்திக்கொண்டார் என்பதைப் பொறுத்துப் பெயர்கள் உண்டு: நெற்றியில் மட்டும் எனில் சிரோமணி, நகம் முதல் உச்சி வரை எனில் நக்சிக். முகத்திலும் இமையிலும்கூடக் குத்திக்கொண்ட முதியவர்களின் புகைப்படங்கள் உலகெங்கும் சுற்றுகின்றன. பைகா முதுகிலிருந்து இது ஒரு விதத்தில் அடிப்படையிலேயே வேறுபடுகிறது. ராம்நாமி எழுதிக்கொண்டதை ஊர் முழுவதும், எதிரியும் உட்பட, படித்தாக வேண்டும். அடிக்க ஓங்கிய கைக்கும் மிதிக்க உயர்ந்த காலுக்கும் முன்னால், தாங்கள் வணங்கும் பெயர் வந்து நிற்கிறது.

அவர்களுடைய ராமர் தசரதன் மகன் அல்லர், உருவமற்ற பரம்பொருள். துளசிதாசரின் ராமசரிதமானஸை அவர்கள் ஓதுகிறார்கள், முழுவதையும் அல்ல. சூத்திரரையும் பெண்களையும் இழிவுசெய்யும் அடிகளை ஒதுக்கினார்கள். பிற நூல்களிலிருந்து அடிகளைச் சேர்த்துக்கொண்டார்கள். ஓதலின் நடுவே ஒருவர் ஓர் ஈரடியைச் சொல்ல, மற்றவர் அதற்கு மறுப்பாக இன்னோர் ஈரடியை எடுத்துவிடும் வாதமும் உண்டு. அதற்கு டக்கர் என்று பெயர். மோதல் என்று பொருள். சென்னைத் தமிழில் புழங்கும் பொருளோடு குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை. இவற்றை நெடுங்காலம் உடனிருந்து எழுதியவர் ராம்தாஸ் லாம்ப் என்னும் அமெரிக்கர். தாமே இளமையில் ராமானந்தி சாதுவாக வாழ்ந்தவர். அவருடைய கட்டுரை, பவுலா ரிச்மன் 1991இல் தொகுத்த பல ராமாயணங்கள் பற்றிய நூலில் உள்ளது. ஏ.கே. ராமானுஜனின் முந்நூறு ராமாயணங்கள் கட்டுரையால் பெயர்பெற்ற தொகுப்பு அது. பெரியாரின் ராமாயண வாசிப்பைப் பற்றிய ரிச்மனின் கட்டுரையும் அதே அட்டைகளுக்குள் இருக்கிறது. ஒருவர் அந்தப் பெயரை முற்றிலும் உதறினார்; மற்றவர்கள் அதையே தோலுக்குள் இறக்கினார்கள். இருவர் கையிலும் துளசிதாசரும் வால்மீகியும் அப்படியே தப்பவில்லை.

மிதிலையில் வேறொன்று நடந்தது. 1970களில் மதுபனி ஓவியம் சந்தையில் புகழ்பெற்றபோது அதன் புராணக் காட்சிகள் மேல்சாதிப் பெண்களின் வீட்டுச் சுவர்களிலிருந்து வந்தவை. ஜித்வார்பூரைச் சேர்ந்த துசாத் சமூகத்துச் சானோ தேவி, தம் சமூகப் பெண்களின் கையிலும் காலிலும் இருந்த கோத்னா குறிகளைக் காகிதத்தில் வரிசை வரிசையாக இறக்கினார். எரிகா மோசர் என்னும் ஜெர்மானிய மானிடவியலாளரின் ஊக்கம் அதற்குப் பின்னால் இருந்தது. தங்கள் வீரனான ராஜா சல்ஹேஷின் கதை அந்தக் குறிகளோடு படமாயிற்று. தோலில் இருந்தவரை தாழ்ந்த சாதியின் அடையாளமாக இருந்த புள்ளிகள், காகிதத்தில் ஏறியதும் கோத்னா பாணி என்று பெயர் பெற்று விலைக்குச் சென்றன. பைகா குறிகளும் இப்போது துணியிலும் தாளிலும் வரையப்பட்டுக் கண்காட்சிகளுக்கு வருகின்றன. தாளில் வரைந்தவர் தம் பெயரை மூலையில் இடுகிறார். எந்த முதுகிலும் எந்தப் பத்னினும் கையொப்பம் இட்டதில்லை.

பள்ளிக்கும் நகரத்துக்கும் போகும் பைகா சிறுமியரில் பலர் இன்று நெற்றியைக் கொடுக்க மறுக்கிறார்கள். சிலர் கையில் மட்டும் சிறிதாகக் குத்திக்கொள்கிறார்கள். பெருநகர்ப் பச்சைக் கடைகளில் முதுகு முழுவதும் குத்திக்கொள்ளும் இளைஞர், ஒவ்வோர் அமர்வுக்குப் பின்னும் படமெடுத்து, எத்தனை மணிநேரம், எங்கே அதிகம் வலித்தது, எப்போது தோலுரிந்தது என்று நாள்தோறும் பதிந்து வைக்கிறார்கள். வாய்த்தால் முதலில் எழுதியிருக்க வேண்டியவள் மைகல் மலையில் குப்புறப் படுத்திருந்தாள். அவளிடம் ஏடு இல்லை.

ராம்நாமிகளிலும் உடல் முழுவதும் எழுதிக்கொண்டவர்கள் இப்போது முதியவர்கள் மட்டுமே. ஆண்டுதோறும் குறைந்து வருகிறார்கள். வேலை தேடி வெளியூர் செல்லும் பிள்ளைகள் முகத்தில் பெயரோடு போகத் தயங்குகிறார்கள். அந்த நெற்றியைப் பார்த்த மாத்திரத்தில் சாதியைப் படித்துவிடுபவர்கள் நகரத்திலும் இருக்கிறார்கள். தை மாதத்தை ஒட்டி மகாநதியின் ஒரு கரையில் ஓராண்டும் மறு கரையில் மறு ஆண்டுமாக மூன்று நாள் நடக்கும் பஜனை மேளாவுக்கு அந்தப் பிள்ளைகள் திரும்பி வருகிறார்கள். தலையில் மயிற்பீலி முடி, காலில் சலங்கை, தோளிலிருந்து முதுகு மறைய இறங்கும் வெள்ளைத் துணியில் கறுப்பு மையில் வரிவரியாக ராம், ராம். மேளா முடிந்ததும் துணியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அவர்கள் ரயில் ஏறுகிறார்கள்.